பட்டயத்தில் இல்லாத பெயர்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். கனடாவின் புல்வெளிகளில் குடியேறிய உக்ரைனியரின் பண்ணைகளை நிலைநிறுத்தியது ஆண்களின் உழைப்பா, பெண்களின் உழைப்பா என்பது இன்றைய வழக்கு. ஆண்களுக்காகப் பேசிய நண்பர் இரண்டு சான்றுகளை முன்வைத்தார். இரயில் பாதை போட்டு ஆண்கள் ஈட்டிய கூலியில்தான் மாடும் கலப்பையும் வந்தன என்றார். நிலப் பட்டயங்களில் இருப்பதும் ஆண்களின் பெயரே என்றார்.

முதலில் கூலியைப் பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஆனால் மூன்றாண்டுகள் அங்கே குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தைத் திருத்திப் பயிரிட்டுக் காட்டினால்தான் பட்டயம் கிடைக்கும். உக்ரைனியர் வாழ்ந்த கிழக்கு ஐரோப்பியப் பகுதிகளான கலீசியாவிலிருந்தும் புக்கோவினாவிலிருந்தும் வந்தவர்களில் பலருக்குக் கப்பல் செலவு போகக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே கணவன் இரயில் பாதைக்கோ சுரங்கத்துக்கோ போனான். அந்தக் கூலி இல்லாமல் பண்ணை இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்தபோது மரங்களை வெட்டி, வேர்களைத் தோண்டி எடுத்து, மண்வெட்டியால் கொத்திய நிலத்தில் உருளைக்கிழங்கும் பூண்டும் நட்டவள் அவன் மனைவிதான். செனேகா என்னும் மூலிகை வேரைத் தோண்டிக் கடையில் விற்று, அந்தக் காசில் மாவு வாங்கியவளும் அவளே.

அவர்களின் முதல் வீட்டுக்குப் 'புர்தெய்' என்று பெயர். குழி தோண்டி, மேலே மரக்கழிகளைச் சாய்த்து, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடிய குடில் அது. வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். பிறகு கட்டிய மரவீட்டைக் குளிர் தாங்கும் வீடாக்கியது பெண்களின் கையும் காலும். களிமண்ணோடு நறுக்கிய வைக்கோலும் சாணமும் நீரும் சேர்த்து, வெறுங்காலால் மிதித்து மிதித்துப் பதமாக்கி, கட்டைகளின் இடுக்கு தெரியாமல் உள்ளும் புறமும் கையாலேயே அப்பி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார்கள். மைனஸ் நாற்பது பாகை வரை இறங்கும் குளிரில் குழந்தைகளின் உயிரைக் காத்த சுவர் அது. அதைப் பண்ணை வேலை இல்லை, வீட்டு வேலை என்று எதிரணியினர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1896 முதல் 1905 வரை கனடாவின் உள்துறை அமைச்சராக இருந்து இந்தக் குடியேற்றத்தை ஊக்குவித்த கிளிஃபோர்ட் சிஃப்டன், தாம் விரும்பிய குடியேறியைப் பின்னாளில் வருணித்தபோது, ஆட்டுத்தோல் மேலங்கி அணிந்த உழவனோடு நிறுத்தவில்லை. உடற்கட்டுள்ள மனைவியையும் அரை டஜன் பிள்ளைகளையும் சேர்த்தே சொன்னார். அவள் இல்லாமல் பண்ணை நடக்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

இனிப் பட்டயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை வளர்க்கும் விதவை போலக் குடும்பத் தலைவியாக இருந்தாலன்றி, இந்த நிலத்துக்கு விண்ணப்பிக்கவே பெண்ணுக்கு உரிமை இல்லை. அந்தப் புல்வெளி மாகாணங்களில் ஒன்றான ஆல்பர்ட்டாவில் 1917ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, குடியிருக்கும் பண்ணையையே மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் விற்றுவிட முடிந்தது. நடுவர் அவர்களே, அவள் பெயரை எழுதவிடாமல் தடுத்த தாளையே அவள் உழைக்கவில்லை என்பதற்குச் சான்றாக எதிரணியினர் நீட்டுகிறார்கள். அந்தச் சான்றைத் தள்ளுபடி செய்யுமாறு வேண்டி அமர்கிறேன்.