பச்சைப் புள்ளி வைத்த ஹெல்மெட்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தை டிவியில் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். களத்தில் நிற்கும் பதினொரு பேரில் ஒருவருடைய ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பந்தை வைத்திருக்கும் அணியில் அந்த ஹெல்மெட், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு உரியது. ஓரத்தில் நிற்கும் கோச் பேசுவது அவர் காதில் விழும். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். இதை 1994-ல் கொண்டுவந்தது. வழக்கமாக ஒரு நகர்வு முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 வினாடி உண்டு. அதில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அந்த ரேடியோவைத் துண்டித்துவிடுவார்கள். அப்புறம் கோச்சின் குரல் கிடையாது. அரங்கத்தில் இருக்கிற எழுபதாயிரம் பேர் போடும் சத்தம் மட்டும்தான்.

இந்த விளையாட்டில் பெரிய எதிர்பார்ப்போடு வந்து இறங்கும் புதுப் பையன்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினைந்து வினாடிதான் நினைவுக்கு வரும்.

முதலில் டிராஃப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தை ஒட்டி, கல்லூரிகளில் ஆடி முடித்த சிறந்த வீரர்களை 32 அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் ஏழு சுற்று. போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்தப் பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். நாட்டிலேயே சிறந்தவன் என்று பெயர் எடுத்தவன், நாட்டிலேயே மோசமான அணிக்குப் போகிறான். அவனைக் காக்க வேண்டிய முன்வரிசை ஓட்டையாக இருக்கும். பல சமயம் கோச்சும் புதியவராக இருப்பார். ரசிகர்களோ பல வருடத் தோல்வியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தனையும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுத் தலையில் வந்து இறங்குகிறது. 2002-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டேவிட் கார், ஹூஸ்டனின் புத்தம்புது அணிக்கு ஆடினார். அந்த ஒரே பருவத்தில் பந்தும் கையுமாக 76 முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். ஒரே பருவத்தில் அத்தனை முறை வேறு யாரும் விழுந்ததில்லை. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற பெய்டன் மானிங் கூட 1998-ல், தன் முதல் வருடத்தில், 28 முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தவர். அணி ஜெயித்தது மூன்றே ஆட்டம். நேற்று நட்ட கன்றில் இன்று காய் பறிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். டிராஃப்ட் நாளில் மட்டும் அது மறந்துபோகும்.

1999-ல் நான் பிலடெல்பியா பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கார் கிடையாது. உடன் வேலை பார்த்த ஒருவர் காலையிலும் மாலையிலும் என்னை ஏற்றிக்கொண்டு போவார். காரில் எந்நேரமும் உள்ளூர் விளையாட்டு வானொலிதான் ஓடும். அந்த ஊர் ஈகிள்ஸ் அணி முந்தைய பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. ஆகவே டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு. ரசிகர்கள் கேட்டது ரிக்கி வில்லியம்ஸ் என்கிற, பந்தோடு ஓடும் ஆட்டக்காரரை. முந்தைய வருடம் கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பரிசான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர் அவர். டபிள்யூ.ஐ.பி. என்கிற வானொலி நிலையத்தின் காலை நிகழ்ச்சியில் இதையே வாரக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் முப்பது பேர் போலத் திரட்டி, பஸ் வைத்து, டிராஃப்ட் நடக்கும் நியூயார்க்குக்கு அழைத்துப் போனார்கள்.

ஈகிள்ஸ் அறிவித்த பெயர் டோனவன் மெக்நாப். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக் குவார்ட்டர்பேக், 22 வயது. வாழ்நாள் கனவு பலித்த நிமிடத்தில் மேடைக்கு வருகிறார். கூடத்திலிருந்து வந்தது கூச்சலும் ஊளையும். எந்த ஊருக்காக ஆடப்போகிறாரோ, அந்த ஊர்க்காரர்களிடமிருந்து.

திங்கட்கிழமை காரில் ஏறினேன். என் நண்பர் ஸ்டியரிங்கில் கையால் தட்டித் தட்டிப் பேசினார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய அப்பா வாங்கி வைத்த சீசன் டிக்கெட்டைத்தான் அவர் வைத்திருந்தார். ஈகிள்ஸ் அதுவரை கடைசியாகச் சாம்பியன் ஆனது 1960-ல். அப்பா அதை நேரில் பார்த்தவர், மகன் பார்க்காதவர். அந்த ஏக்கம் பொய் இல்லை. டிசம்பர் குளிரில் இரும்பு நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு எதிர்பார்க்க உரிமை உண்டு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏக்கத்துக்கு மெக்நாப் என்ன செய்தார்? அவர் இன்னும் ஒரு பந்து கூட எறியவில்லை.

அந்த வருடம்தான் ஆண்டி ரீட் முதல் முறையாகத் தலைமைக் கோச் ஆனார். அவர் செய்ததை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவது இடத்தில் எடுத்த பையனை உட்காரவைத்துவிட்டு, டக் பீடர்சன் என்கிற பழைய ஆளைக் களம் இறக்கினார். ரீட் முன்பு வேலை பார்த்த கிரீன் பே அணியில் பல வருடம் மாற்று ஆட்டக்காரராக இருந்த பீடர்சனுக்கு ரீடின் முறை அத்துப்படி. பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. ஒன்பது ஆட்டங்களைத் தொடங்கியவர் அவர்தான். ஊரின் கோபம் முழுக்க அவர் முதுகில் விழுந்தது. மெக்நாப் அவ்வப்போது இறங்கினார், பார்த்தார், எழுதிக்கொண்டார், கற்றுக்கொண்டார். நவம்பர் 14 அன்று வாஷிங்டனுக்கு எதிராக முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார். பந்தெறிந்து எடுத்தது வெறும் 60 யார்டு. அணி 35-28 என்று ஜெயித்தது. தற்காப்பு ஆட்டக்காரர்கள் ஜெயித்துக் கொடுத்தார்கள். 60 யார்டு எடுத்த பையனும் வெற்றியோடு வீட்டுக்குப் போனான். அடுத்த பருவத்தில் 11 வெற்றி. 2001-லிருந்து நான்கு பருவம் தொடர்ச்சியாக, லீக்கின் இரண்டு பாதிகளில் தங்கள் பாதியின் இறுதி ஆட்டம்.

அந்த ரிக்கி வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த வருடத் தேர்வுகள் எல்லாவற்றையும் கொடுத்தது, அடுத்த வருடத்திலும் இரண்டைக் கொடுத்தது. அந்தப் பருவம் அவர்களுக்கு மூன்றே வெற்றி, கோச்சுக்கு வேலை போனது. ஓர் ஆளுக்காக முழு வீட்டையும் அடகு வைத்தால் அவர் தோளில் என்ன பாரம் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது நான் அதிகம் நினைத்துக்கொள்கிற ஆளுக்கு வருகிறேன். அலெக்ஸ் ஸ்மித். 2005-ல் சான் பிரான்சிஸ்கோ அணி முதல் ஆளாக எடுத்தபோது அவருக்கு 20 வயதுதான். அணி முந்தைய வருடம் 2 வெற்றி, 14 தோல்வி. அதே டிராஃப்டில், அந்த அணியையே பார்த்து வளர்ந்த வட கலிபோர்னியாப் பையன் ஏரன் ராட்ஜர்ஸ் 24-வது இடம் வரை காத்திருந்து கிரீன் பேவுக்குப் போனார். அங்கே மூன்று வருடம் பிரெட் ஃபாவ்ரின் பின்னால் உட்கார்ந்து கற்றார். ஸ்மித்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் வருடமே களத்தில். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கிற டச் டவுன் ஒன்று, எறிந்த பந்து எதிரணியின் கைக்குப் போகிற இன்டர்செப்ஷன் 11. ராட்ஜர்ஸ் எழும்ப எழும்ப, அவரை எடுத்திருக்கலாமே என்று ஊர் ஸ்மித்தைப் பார்த்தே சொன்னது.

முதல் ஐந்து பருவத்தில் அந்த அணிக்குத் தாக்குதல் பயிற்சியாளர் ஐந்து பேர். மக்கார்த்தி, டர்னர், ஹாஸ்ட்லர், மார்ட்ஸ், ரே. ஆள் மாறினால் பாஷையும் மாறும். மக்கார்த்தி வந்த பயிற்சி மரபில் பந்து பிடிப்பவர் ஓடும் பாதைக்குப் பெயர் வைத்துச் சொல்வார்கள். டர்னர், மார்ட்ஸ் வந்த மரபில் எண் வைத்துச் சொல்வார்கள். தலைக்குள் பழைய பாஷை, காதுக்குள் புது பாஷை. இதற்குள் அந்த ரேடியோ துண்டிக்கப்பட்டுவிடும். எதிரே இருப்பவர்கள் பாயத் தயாராக நிற்பார்கள். ஒரு நொடி தயங்கினால் விழ வேண்டியதுதான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது பயந்த பையன் போலத் தெரியும். 2007-ல் அவருடைய எறியும் தோள் பிசகியது. வலியோடு ஆடினார். எவ்வளவு வலி என்பதில் அவருக்கும் தலைமைக் கோச்சுக்கும் ஊரறிய மனத்தாங்கல். 2008 முழுப் பருவமும் ஆடவில்லை.

இந்த இடத்தில் கத்துகிற கோச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே அணியில் 2006-ல் ஆறாவது இடத்தில் எடுத்த வெர்னன் டேவிஸ் இருந்தார். மலை மாதிரி உடம்பு, குதிரை மாதிரி ஓட்டம், ஆட்டத்தில் மட்டும் அலட்சியம். 2008 அக்டோபரில் மைக் சிங்கிள்டரி இடைக்காலத் தலைமைக் கோச் ஆகி முதல் ஆட்டம். டேவிஸ் தேவையில்லாமல் எதிராளியைச் சீண்டி அபராதம் வாங்கினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிங்கிள்டரி அவரைக் குளிக்கப் போகச் சொல்லி உடைமாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டார். பிறகு செய்தியாளர்கள் முன்னால், இப்படி ஆடுகிறவரோடு ஆடுவதைவிடப் பத்துப் பேரோடு ஆடலாம் என்ற பொருளில் பேசினார். அவமானம்தான். ஆனால் டேவிஸ் மாறினார். அடுத்த பருவம் 13 டச் டவுன். அவர் ஆடும் இடத்துக்கு அன்றைய சாதனையைச் சமன் செய்தார். அந்த நாள்தான் தன்னைத் திருப்பியது என்று அவரே பல முறை நன்றியோடு பேசியிருக்கிறார்.

அதே சிங்கிள்டரி, 2010 அக்டோபர், சொந்த மைதானம், எதிரணி ஈகிள்ஸ். ஸ்மித் தடுமாறுகிறார். ஓரத்தில் கோச் அவர் முகத்துக்கு நேராக நின்று கத்துகிறார். இவரும் பதிலுக்குக் கத்துகிறார். அரங்கம் ஒரே குரலில் மாற்று ஆட்டக்காரரை இறக்கச் சொல்லிக் கோஷம் போடுகிறது. ‘கார் வேண்டும், கார் வேண்டும்’ என்று. யார் அந்தக் கார்? முன்னால் சொன்னேனே, 76 முறை தரையில் சாய்க்கப்பட்ட அதே டேவிட் கார். ஊர் தோற்கடித்த ஒரு முதல் ஆளைத் தள்ளிவிட்டு, இன்னோர் ஊர் தோற்கடித்த முதல் ஆளைக் கேட்டார்கள். ஸ்மித் வாதாடிக் களத்தில் நின்றார், அணியை எட்டும் தூரம் வரை கொண்டுவந்தார், 27-24 என்று தோற்றார்கள்.

டேவிஸுக்கு வேலை செய்த அதட்டல் ஸ்மித்துக்கு ஏன் வேலை செய்யவில்லை? என் கருத்து இது. டேவிஸிடம் குறைந்தது அக்கறை. அதை ஓர் அதட்டலில் எழுப்பலாம். ஸ்மித்திடம் அக்கறை குறையவே இல்லை, ஒருவேளை அதிகமாகவே இருந்தது. அவரிடம் குறைந்தது தெளிவு. தெளிவைக் கத்திக் கொடுக்க முடியாது. ஊக்கம் என்ற ஒரே சொல்லை எல்லாப் பையன்களுக்கும் போடுகிறோம். இவனுக்கு எது குறைகிறது என்று உட்கார்ந்து பார்க்கிற கோச்சுகள் குறைவு.

2011-ல் ஜிம் ஹார்பா தலைமைக் கோச்சாக வந்தார். அவரே என்.எஃப்.எல்.-லில் பல வருடம் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அந்த வருடம் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் தகராறு, லாக்அவுட் என்கிற கதவடைப்பு. கோச்சும் வீரரும் பேசக்கூடக் கூடாது. ஸ்மித்துக்கு ஒப்பந்தமும் முடிந்திருந்தது, வேறு ஊருக்குப் போயிருக்கலாம். தடை கொஞ்ச நேரம் விலகிய இடைவெளியில் ஹார்பா தன் ஆட்டப் புத்தகத்தை ஸ்மித்தின் கையில் கொடுத்தார். ஸ்மித் அதை வைத்துக்கொண்டு சான் ஹோசே பல்கலைக்கழக மைதானத்தில் சக வீரர்களைக் கூட்டி, தானே வாத்தியாராக நின்று நடத்தினார். ஆறு வருடம் பாடம் மாறி மாறிக் கேட்டவனிடம், இந்தா, நீ சொல்லிக்கொடு என்று புத்தகத்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய மரியாதை! அந்தப் பருவம் 13 வெற்றி, 3 தோல்வி. ஸ்மித் எறிந்த இன்டர்செப்ஷன் மொத்தமே ஐந்து.

2012 ஜனவரி 14, நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று. ஒன்பது வினாடி மிச்சம் இருக்கும்போது ஸ்மித் 14 யார்டு தூரம் எறிகிறார். இரண்டு தற்காப்பாளர்களுக்கு நடுவே பந்தை நெஞ்சோடு வாங்கிக் கோட்டுக்குள் விழுகிறவர் வெர்னன் டேவிஸ். 36-32. டேவிஸ் அழுதுகொண்டே ஓரத்துக்கு ஓடிவந்து ஹார்பாவின் தோளில் சாய்கிறார். பதினைந்து மாதம் முன்னால் வேறு ஆளைக் கேட்ட அதே மைதானம் அன்றைக்கு அதிர்ந்தது.

அதற்குப் பிறகும் ஸ்மித்துக்கு எல்லாம் நேராகப் போகவில்லை. அடுத்த பருவம் தலையில் அடிபட்டு உட்கார்ந்தார், இடம் போனது. 2013-ல் கன்சாஸ் சிட்டிக்கு மாற்றினார்கள். அங்கே அவரைக் கேட்டு வாங்கியவர் ஆண்டி ரீட். பிலடெல்பியாவில் 14 பருவம் முடித்து அப்போதுதான் அங்கே போயிருந்தார்.

2013 செப்டம்பர் 19, வியாழக்கிழமை இரவு. கன்சாஸ் சிட்டி, பிலடெல்பியாவுக்கு ஆட வந்தது. ஆட்டத்தின் பாதி இடைவேளையில் ஈகிள்ஸ் நிர்வாகம் மெக்நாபின் சட்டையில் இருந்த 5-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்தது. நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன், டிவியில்தான் பார்த்தேன். ஒரு பக்கம், 22 வயதில் ஊளை வாங்கியவருக்கு அதே ஊர் எழுந்து கைதட்டியது. இன்னொரு பக்கம், உடைமாற்றும் அறையில், பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட்டோடு ரீடின் அணியில் அலெக்ஸ் ஸ்மித். ஆட்டம் 26-16, ஜெயித்தது ஸ்மித்தின் அணி.

பழைய நண்பருக்கு போன் போட்டேன். அப்பா வாங்கிய அதே இடத்து டிக்கெட் புது அரங்கத்துக்கு மாறியிருந்தது, அங்கேதான் இருந்தார். சத்தத்தில் அவர் பேசியது பாதி கேட்கவில்லை. தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘அஞ்சாம் நம்பருக்கு எழுந்து நின்னேன்’ என்றார், தொண்டை கட்டியிருந்தது.

வணக்கம்.