பூட்டிய கதவில் ஒரு தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

நினைவுப் பூங்காக்களைப் பழுதுபார்ப்பதற்காகக் கொஞ்ச நாள் மூடுகிறார்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது தூக்குச்சட்டிதான்.

புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு மத்தியான நேரத்தில் போனவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கம் ராஜ்நிவாஸ், ஒரு பக்கம் சட்டப்பேரவை, பக்கத்திலேயே அரசு பொது மருத்துவமனை. உள்ளே படுத்திருப்பவருக்குச் சோறு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தூக்குச்சட்டியோடு எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம், பண்ருட்டி என்று எங்கிருந்தோ வந்தவர்கள். இந்த ஊரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. சாப்பிட்டதும் முந்தானையை விரித்துப் பத்து நிமிடம் கண்ணயர்வார்கள். கதவைப் பூட்டுகிறபோது நாம் நடைப்பயிற்சிக்காரர்களைத்தான் நினைக்கிறோம். அவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு அந்த மரத்தடியை விட்டால் மருத்துவமனைத் தாழ்வாரம்தான்.

அதற்காக மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தோட்ட வேலை பார்த்தவன் நான். கீழே ஆள் உட்கார்ந்திருக்கும் மரத்தில் பட்ட கிளையை வெட்ட முடியாது. பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் பள்ளம் தோண்ட முடியாது. சாரம் கட்டினால் அதன் கீழே ஒருவரும் நடக்கக் கூடாது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே உருவத்தில் திரும்பக் கட்டினார்கள். அழகாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழைய சுவர் போனது போனதுதான்.

ஆகவே மூடட்டும். எப்படி மூடுகிறோம், உள்ளே என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை.

பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பினார்கள். ஆயி என்ற தாசிப்பெண், அரசனின் கோபத்துக்கு ஆளான தன் மாளிகையை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்று வழிவழியாகக் கதை சொல்வார்கள். தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு ஊர் வைத்த மரியாதை அந்த மண்டபம்.

இந்த மாதிரிப் பழைய கட்டடத்தில் பூச்சு உதிர்ந்தால், சிமெண்டைக் குழைத்து அப்பிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர முடியாது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, காற்றிலேயே உப்பு. அந்த உப்பு ஈரத்தோடு உள்ளே தங்கிப் பொரிந்து, செங்கல்லின் முகத்தையே மாவாக உதிர்த்துவிடும். பார்க்கச் சிமெண்ட் கெட்டியாக நிற்கும், தட்டினால் டொப்பென்று சத்தம் கேட்கும். சுண்ணாம்பு அப்படியில்லை, அது ஈரத்தை வாங்கி வெளியே விடும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். சுண்ணாம்பை ஊறவைக்க வேண்டும், பூசிய பிறகு வெயிலில் காய்ந்து வெடிக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். “ஏன் இத்தனை நாள் பூட்டி வைத்திருக்கிறார்கள்?” என்று நாம் அவசரப்படுத்தினால், அவசரத்துக்குச் சிமெண்ட் வந்துவிடும். இதைக் கேட்கிறவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மரங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு பூங்காவில், எந்தப் பூங்கா என்பது வேண்டாம், பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. சீரமைப்பு என்று மூடி, நடைபாதைக் கல்லை அடிமரம் வரைக்கும் ஒட்டிப் பதித்தார்கள். அதற்கு முன்பே விளக்குக் கம்பிக்கு ஒரு பக்கம் நீளமாகக் கால்வாய் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மண்ணோடு வெட்டுப்பட்ட வேர்கள் கிடந்தன. சில என் மணிக்கட்டுப் பருமன். வெட்டிய முனையில் பால்நிறச் சதை இன்னும் ஈரமாக இருந்தது. திறப்பு விழா அன்று எல்லோரும் கல்லைத்தான் பாராட்டினார்கள். மூன்றாவது வருடம் உச்சியில் இலை குறைந்தது, அதற்கடுத்த வருடம் மரமே பட்டுப்போனது. அன்றைக்கே வாய்திறந்து தடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மரத்தின் வேர் நேரே கீழே போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பகுதி வேர் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான், கிளை விரிப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அதற்குக் காற்றும் வேண்டும். லாரி ஏறி இறுகிய மண்ணில் அது மூச்சுத் திணறும். ஒரு பக்கம் வேர் அறுந்த மரம் சாதாரண நாளில் நிற்கும், புயலில் நிற்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரிலும் கடலூரிலும் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் நாம். கிளை எதுவரை விரிந்திருக்கிறதோ அதுவரை கயிறு கட்டிவிடுங்கள். அதற்குள் மண்வெட்டியும் வேண்டாம், மணல் குவியலும் வேண்டாம்.

தரை முழுக்கக் கல் பாவுவதும் அதே கதைதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது, புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் இறங்க மண் தரை எங்கே இருந்தது? பூங்காதானே ஊருக்கு மிச்சமிருக்கும் மண். தண்ணீருக்காக எழுப்பிய மண்டபத்தைச் சுற்றியே தண்ணீர் இறங்க இடமில்லாமல் செய்துவிட்டால், ஆயிக்கு அதைவிட அவமரியாதை இருக்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் பள்ளம் தோண்டும் வேலையும் பூச்சு வேலையும் வைக்கவே கூடாது. பொங்கல் கழித்துத் தொடங்கினால் ஆடிக்குள் முடிக்கலாம்.

நினைவிடம் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. அதற்கென்று ஒரு நாள் உண்டு. பாரதி இந்த ஊரில் 1908 முதல் 1918 வரை இருந்தவர். அவர் பெயர் வைத்த பூங்கா அவருடைய நினைவு நாளான செப்டம்பர் 11 அன்றும் பிறந்த நாளான டிசம்பர் 11 அன்றும் பூட்டிக் கிடக்கலாமா? கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவுகிறார்கள். சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்த ஊர் நினைவிடமானாலும் சரி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அன்றைக்குப் பூவோடு வந்து நின்றால், “வேலை நடக்குது, அப்புறம் வாங்க” என்று சொல்ல எந்தக் காவலாளிக்கும் மனம் வராது. அந்த ஒரு நாள் சாரத்தைக் கழற்றாவிட்டாலும், தகரத்தை விலக்கி வழி விடுங்கள்.

முடிந்தால் பாதி பாதியாக மூடுங்கள். ஒரு பக்கம் வேலை நடக்கட்டும், மறுபக்கம் நிழல் திறந்திருக்கட்டும். வாசலில் சுண்டல் விற்கிற அம்மாவுக்குத் திறந்திருக்கும் பக்கத்தில் இடம் கொடுங்கள். கதவில் “பராமரிப்புப் பணி, தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது” என்று மட்டும் எழுதித் தொங்கவிடாதீர்கள். என்ன வேலை, எந்தத் தேதியில் திறப்பார்கள், அதுவரை பக்கத்தில் எங்கே உட்காரலாம், குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று நல்ல தமிழில், தூரத்திலிருந்து படிக்கிற அளவு பெரிய எழுத்தில் எழுதுங்கள். தூக்குச்சட்டியோடு வருகிற பெண் அந்தக் கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றுதான் அதைப் படிப்பாள்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.