கம்பியில் குத்திய கடிதங்களும் பெட்டியில் கிடந்த பத்திரங்களும்

(மயிலாப்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே,

குடும்ப வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வம்சாவளியை வரைந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வீட்டுக் காகிதங்களைத் தேடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். யாரை நினைவில் வைத்தால் போதும் என்று வீட்டு ஆண்களில் மூத்தவர் ஒருவர் தீர்மானித்து எழுதியதே வம்சாவளி. கடிதமும் பத்திரமும் அன்றைய அவசரத்துக்காக எழுதப்பட்டவை என்பதால், விடுபட்டவர்கள் அவற்றில்தான் அகப்படுவார்கள். அமாவாசைத் தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தட்டாமல் சொல்லும் வீடுகளில்கூட, கட்டிக்கொடுத்த அத்தைகளின் பெயரைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள்.

கடிதங்களிலிருந்து தொடங்குகிறேன். 1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்த பிறகு, கடிதம் எழுதுவது எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. பழைய வீடுகளின் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும், அடியில் வட்டமான மரக்கட்டையோடு. படித்து முடித்த கடிதத்தை அதில் குத்திவிடுவார்கள். பழையது அடியிலும் புதியது மேலுமாக அதற்கென்று ஒரு வரிசை தானாகவே அமைந்துவிடும். இன்றைய பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு அதைக் கழற்றி, ஆள்வாரியாகப் பிரித்துப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவிடுகிறார்கள். தேதி போடாத கடிதத்துக்கு அதன் மேலும் கீழும் இருந்த இரண்டு கடிதங்கள் தேதி சொல்லியிருக்கும். பிரித்த பிறகு யாரைக் கேட்பது? கழற்றும்முன் ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் மெல்ல ஓர் எண் இடுங்கள்.

கம்பியில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை கம்பியில் ஏறும். மூலையில் கறுப்புத் தீற்றிய சாவுச் செய்தியை வீட்டுக்குள் வைக்கலாகாது என்று படித்த கையோடு கிழித்துப்போடுவார்கள். அதனால் நம் கடிதக் கட்டுகளில் பிறப்பும் திருமணமும் நிறைந்திருக்கும், இறப்பு அபூர்வமாகவே அகப்படும். ரங்கூனிலிருந்து மாதந்தோறும் வந்த கடிதம் 1941 டிசம்பரோடு நின்றுபோயிருந்தால், அம்மாதம் 23ஆம் தேதி அந்நகரில் குண்டு விழுந்ததை நினைவில் கொண்டு படிக்க வேண்டும். திருவல்லிக்கேணிக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் 1942 ஏப்ரலில் திடீரென்று ஏதோ ஒரு கிராமத்து முகவரிக்குப் போயிருந்தால், ஜப்பான்காரனுக்கு அஞ்சிச் சென்னைவாசிகள் ஊர்களுக்கு ஓடிய மாதம் அது.

பத்திரங்களுக்கு வருவோம். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் பெயர்களோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் சாட்சிக் கையெழுத்துகளே பெரும் புதையல். பங்காளியோ மைத்துனரோதான் பெரும்பாலும் சாட்சி போட்டிருப்பார், 'இன்னார் குமாரர்' என்ற இரண்டு சொல்லில் இன்னொரு கிளை திறந்துவிடும். நான்கெல்லை விவரத்திலும் இப்படியே, வடக்கே யாருடைய நிலம், கிழக்கே யாருடைய மனை என்று உறவினர் பெயர்கள் வரும். ஆண்டைக் கணிப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம், ஏனென்றால் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருகிறது. முத்திரைத்தாளில் விக்டோரியா ராணியின் தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

எந்தப் பத்திரத்தை முதலில் காப்பாற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பலருக்கு வியப்பளிக்கிறது. மதிப்பு மிகுந்த கிரயப் பத்திரம் தொலைந்தாலும் எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த சொத்து விற்பனைக்குப் பதிவு கட்டாயமாக இருக்கவில்லை. ஆகவே முப்பது ரூபாய்க்கு விற்ற கொல்லையின் சீட்டுக்கு உலகில் வேறு பிரதியே கிடையாது. மானியமாகக் கொடுக்கப்பட்ட பழைய இனாம் நிலங்களைப் பற்றியதாயின் எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் ஒரு முறையேனும் போய் வாருங்கள்.

பாதுகாப்பு முறைகளை நீட்டவில்லை. லேமினேட் செய்யாதீர்கள், கிழிந்த மடிப்பில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்; 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

என் வீட்டுக் காகிதங்கள் இரண்டைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, 1954இல் பதிவான விடுதலைப் பத்திரம். தாயாருக்குப் பிறந்த வீட்டார் சீதனமாகக் கொடுத்த மஞ்சள்காணி நிலத்தில் தமக்குள்ள பாத்தியத்தை இருநூறு ரூபாய் பெற்றுக்கொண்டு தமையனுக்கு விட்டுக்கொடுப்பதாக என் தாத்தாவின் தங்கை அதில் எழுதிக்கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று குறித்து, இடதுகைப் பெருவிரல் ரேகையை வாங்கியிருக்கிறார்கள். மை அதிகமாகி ரேகை ஒரு பக்கம் அப்பிப் போயிருக்கிறது. மற்றொன்று, 1951ஆம் ஆண்டுத் தபால் முத்திரையுள்ள ஓர் அஞ்சலட்டை. கம்பி துளைத்த ஓட்டை நடுவில் இருக்கிறது. 'அம்மா நிலத்தில் இந்த வருஷம் எத்தனை மூட்டை கண்டது என்று எனக்கு எழுதவும்' என்று குண்டு குண்டான எழுத்தில் கேட்டு, கீழே தம் பெயரைத் தெளிவாக எழுதியிருக்கிறார் அதே அத்தைப்பாட்டி. பக்கத்து வீட்டார் யாரையேனும் விட்டு எழுதச் சொல்லியிருப்பாரோ என்றும் பார்த்தேன். அவர் அனுப்பிய வேறு நான்கு அட்டைகளிலும் அதே எழுத்து, அதே சாய்வு.

என் பெரியப்பா வரைந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய வம்சாவளியில் தாத்தாவுக்கு உடன்பிறந்தோர் என்று எவரும் இல்லை.