கல்லுக்கு நாங்கள் என்ன செய்தோம்?

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தக் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கேட்க வந்திருக்கும் கோத்தகிரிப் பெரியவர்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"உள்ளாட்சி ஒரு முடிவு எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது மரபின் குரலையா, பிள்ளைகளின் குரலையா?" இதுதான் தலைப்பு. பிள்ளைகளின் குரலைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மலை ரயிலைச் சொன்னார், இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரியைச் சொன்னார், கடைசியில் "சிறுபிள்ளை இட்ட வெள்ளாமை வீடு வந்து சேராது" என்று முடித்தார். அவர் மரபின் மேல் வைத்திருக்கும் அன்பை நான் சந்தேகப்படவில்லை. நானும் இந்த மலையில் பிறந்து, இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். அந்த அன்பு எனக்கும் உண்டு. அதனால்தான் ஒரு கல்லின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். பெயர் வேண்டாம். வீட்டு வரிசைக்கு முன்னால் மண் திடல், திடலின் ஓரத்தில் ஒரு மரம், மரத்தடியில் முன்னோர் நட்டுவைத்த கல். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பையை அந்தக் கல்லின் மேடையில் போட்டுவிட்டு விளையாடுவார்கள். சாயங்காலம் பாட்டிமார் அதே மேடையில் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகை நெருங்கினால் பெரியவர்கள் அந்தத் திடலில் ஆடிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் பின்னால் நின்று காலைப் பார்த்துப் பார்த்தே அடவைப் பிடித்துக்கொள்வார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒரு வருடம் மரபைப் பாதுகாக்கிறோம் என்று நிதி வந்தது. நல்ல எண்ணத்தோடு வந்த நிதிதான். கல்லைச் சுற்றி இடுப்புயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி, கிரானைட்டில் பெயர்ப் பலகை, திடல் முழுக்க பேவர் பிளாக். பெரியவர்களைக் கேட்டார்கள், ஒப்புதலும் வாங்கினார்கள். பிள்ளைகளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீலகிரியில் பனியும் மழையும் சேர்ந்தால் பேவர் பிளாக் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசி பிடித்தது. வெறுங்காலில் ஓடிய பிள்ளைகள் வழுக்கி விழுந்தார்கள். ஒரு பையனுக்குக் கை முறிந்தது. விளையாட்டு தார் ரோட்டுக்குப் போனது. உட்கார மேடை இல்லாமல் பாட்டிமார் வீட்டுக்குள் போய்விட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பண்டிகை வந்தபோது வெள்ளை உடுத்தி வரிசையில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கால் வரவில்லை. அன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், அந்தக் கல்லுக்கு நாங்க என்ன செஞ்சோம்? எங்களைப் பார்த்து ஏன் பூட்டினாங்க?"

நடுவர் ஐயா, எனக்குப் பதில் தெரியவில்லை. கல் பத்திரமாகத்தான் இருக்கிறது. கல்லைச் சுற்றி இருந்த மரபுதான் போய்விட்டது. பிள்ளைகளைக் கேட்டிருந்தால் "கல்லில் உட்கார்ந்துதான் பாட்டி கதை சொல்லுவாங்க" என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். அந்தத் திடலை ஒரு நாளில் அதிக நேரம் பயன்படுத்தியவர்கள் அவர்கள். அந்த இடத்தின் வேலை என்னவென்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இப்போது மலை ரயிலுக்கு வருகிறேன். "அதைப் பிள்ளைகளா காப்பாற்றினார்கள்?" என்று அண்ணன் கேட்டார். இல்லை, உண்மைதான். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்து, 1908இல் ஊட்டியைத் தொட்ட அந்த 46 கிலோமீட்டர் பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதைக் காக்க ரயில்வே இருக்கிறது, உலகத்தின் கண் இருக்கிறது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய மரபுகளுக்கு இப்படிக் காவலர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊராட்சியின் கையில் வருவது எது? ஒரு திடல், ஒரு நடைபாதை, ஓர் ஊற்று, ஒரு பண்டிகை, வீட்டில் பேசும் ஒரு மொழி. இவற்றுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. நாளைக்கு அதைப் புழங்கப்போகிற பிள்ளைகளை விட்டால் வேறு ஆளும் இல்லை. புவிசார் குறியீடு பெயரைக் காப்பாற்றும். சிவப்பும் கருப்பும் நூலெடுத்துத் துணியின் இழையை எண்ணி எண்ணித் தைக்க ஒரு பெண்பிள்ளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எம்பிராய்டரி நிற்கும்.

இது நானாகச் சொல்வது இல்லை. கண்ணுக்குத் தெரியாத மரபுகளுக்காக 2003இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. பாட்டு, சடங்கு, கைத்தொழில் எல்லாம் அதில் வரும். தலைமுறையிலிருந்து தலைமுறைக்குக் கைமாறுவதுதான் மரபு என்று அது சொல்கிறது. ஒரு மொழி சாகப்போகிறதா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் முக்கியமான அளவுகோல் என்ன தெரியுமா? வீட்டில் பிள்ளை அதைப் பேசுகிறதா என்பது. தாத்தா பாட்டி மட்டும் பேசினால் அந்த மொழி மிக ஆபத்தில் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இந்த மலைப் பழங்குடிகளான தோடர்களும் கோத்தர்களும் சில ஆயிரம் பேர்தான். அவர்கள் மொழிகளுக்குச் சொந்த எழுத்து இல்லை. படகர்களின் மொழியான படகு பேசுகிறவர்களே ஏறக்குறைய 1.3 லட்சம் பேர்தான். 1930களில் எமனோ என்ற மொழியியல் அறிஞர் இந்த மலைக்கு வந்து தோடர், கோத்தர் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அந்த உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஏட்டில் இருக்கும் பாட்டை ஒரு பிள்ளை வாயெடுத்துப் பாடினால்தானே அது பாட்டு?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களைக் கொடுத்திருக்கிறது. 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். 25ஆவது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. இரண்டும் இருக்கின்றன, சமமாகத்தான் தெரிகிறது. ஆனால் கிராம சபைக்குள் போய்ப் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் அங்கே உறுப்பினர். மரபுக்காகப் பேச ஊர்த் தலைவர் எழுந்திருப்பார், கோயில் கமிட்டி எழுந்திருக்கும், பெரியவர்கள் எழுந்திருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கும் அங்கே வாய் இல்லை. குழந்தைகள் மேம்பாடு என்று அவர்களைப் பற்றிப் பேசுவார்கள், அவர்களோடு பேச மாட்டார்கள். எடை போடும் தராசில் ஒரு தட்டில் ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு தட்டு காலி. அதனால்தான் முதலில் பிள்ளைகளைக் கேளுங்கள் என்கிறோம்.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளை சொன்னதை எல்லாம் செய் என்று சொல்லவில்லை. அதே உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, சிறுபான்மை, பழங்குடிப் பிள்ளைகள் தங்கள் பண்பாட்டையும் மொழியையும் தங்கள் மக்களோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமையைக் கொடுக்கிறது. மரபையே பிள்ளையின் உரிமையாக அல்லவா அங்கே எழுதியிருக்கிறார்கள்?

சிறுபிள்ளை வெள்ளாமை என்றாரே அண்ணன். வெள்ளாமையை அவர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. எந்தப் பக்கமாகப் பன்றி வருகிறது என்று அவர்களைக் கேளுங்கள் என்கிறோம். எங்கள் பக்கத்தில் தெருவிளக்கு போட இடம் பார்த்தபோது பெரியவர்கள் பஸ் ஸ்டாப்பைக் காட்டினார்கள். வகுப்பில் நான் கேட்டேன். தண்ணீர்த் தொட்டி வளைவு என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். சாயங்காலம் காட்டெருமை அங்கேதான் நிற்கும், கரடியும் அந்த ஓரமாகத்தான் இறங்கும். தேயிலைத் தோட்டத்து வழியில் தினமும் நடந்து வருகிறவர்கள் அவர்கள். ஜீப்பில் போகிற நமக்கு அது எப்படித் தெரியும்?

எதிரணி அக்கா சொன்ன ஒன்று என்னை யோசிக்க வைத்தது. பிள்ளைகள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு ஒன்று சொல்வார்கள், அவர்களைக் கேட்டு முடிவெடுத்தால் பழைய வழக்கமெல்லாம் போய்விடும் என்றார். நியாயமான பயம்தான். ஒரு பெண்பிள்ளை எழுந்து "நான் ஏன் அந்த வாசல்படியைத் தாண்டக் கூடாது?" என்று கேட்கலாம். கேட்கட்டுமே அக்கா. காரணம் இருந்தால் பெரியவர்கள் சொல்லட்டும், அவள் வாழ்நாளெல்லாம் ஞாபகம் வைத்திருப்பாள். காரணம் இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடித்தவள் அவளாகவே இருக்கட்டும். கேள்வி கேட்க இடம் கிடைத்த பிள்ளைக்குத்தான் அந்த வழக்கம் தன்னுடையது என்ற எண்ணம் வரும்.

நம்மைப் போலவே மலையும் சொந்த மொழியும் உள்ள நாடு வேல்ஸ். 2011இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அமைச்சர்கள் எதைச் செய்தாலும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று. 2015இல் இன்னொன்று, வருங்காலத் தலைமுறைகளின் நலனுக்காக. அதில் வைத்த ஏழு இலக்குகளில் ஒன்று, உயிர்ப்புள்ள பண்பாடும் செழிக்கும் வேல்ஸ் மொழியும். பண்பாட்டை அவர்கள் வருங்காலப் பிள்ளைகளுக்கான சட்டத்துக்குள் வைத்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பக்கத்துக் கர்நாடகாவைப் பாருங்கள். ஊராட்சிகள் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கிராம சபை கூட்டுகின்றன. 'மக்கள கிராம சபை' என்று அதற்குப் பெயர். கன்னடத்தில் 'மக்களு' என்றால் பிள்ளைகள்.

நம் ஊரில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னால் ஊராட்சி செயலர் பள்ளிக்கு வரட்டும். ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி, சபையில் வாசிக்கட்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று அதே நோட்டில் எழுதித் திருப்பித் தரட்டும். நவம்பர் 14க்கு மிட்டாய் கொடுத்து மேடையில் பேசச் சொல்வதை நான் கேட்கவில்லை. ஒரு பதில் கேட்கிறேன்.

அந்த ஹட்டியின் பிள்ளைகளிடம் நான் ஒரு நோட்டு கொடுத்து, திடலைப் பற்றி எழுதச் சொன்னேன். ஸ்லைடும் ஊஞ்சலும் கேட்பார்கள் என்று நானே நினைத்தேன். நடுவர் ஐயா, அவர்கள் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"பேவர் பிளாக்கைப் பாதித் திடலில் எடுத்துவிட்டு மண் போட வேண்டும். பாட்டி உட்கார மேடை வேண்டும். கல்லைச் சுற்றிய கம்பியில் ஒரு பக்கம் கதவு வைக்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால் சாவியை எங்களிடம் கொடுங்கள். நாங்கள் கூட்டிச் சுத்தம் செய்து வைக்கிறோம்."

இந்த நோட்டை உங்கள் மேசையில் வைத்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.