உளுந்து தழைக்கிறது, காய் பிடிக்கவில்லை: என்ன உரம் போடலாம்?

அடுத்த கேள்விக்கு வருவோம். "உளுந்துக்குத் தொழு உரம் போட்டேன், யூரியாவும் இரண்டு முறை கொடுத்தேன். செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது, காய் மட்டும் குறைவு. இன்னும் என்ன உரம் போடலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் யூரியாவை நிறுத்துங்கள். அது கொடுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். பயறு வகைச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை, வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா மூலம் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் முடிச்சு வைப்பதையே குறைத்துவிடும். இலையும் தண்டும்தான் பெருகும். அடியுரத்தில் கொஞ்சம் தழைச்சத்து இருந்தால் போதும்.

இதை வயலிலேயே பார்த்துவிடலாம். விதைத்து 30 நாள் ஆன செடியைப் பிடுங்காதீர்கள், முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, தண்ணீரில் மெதுவாக அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. நல்ல முடிச்சு விரலால் தள்ளினாலே உதிரும். வேரே வீங்கி, பிரிக்க முடியாமல் இருந்தால் அது நூற்புழுத் தாக்குதல். இதை நல்ல முடிச்சு என்று நம்பிவிடுகிறவர்கள் உண்டு, கவனமாகப் பாருங்கள்.

முடிச்சு சரியில்லை என்றால் அடுத்த போகத்தில் விதைநேர்த்தியை விட்டுவிடாதீர்கள். பூசணக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதலில் செய்து, 24 மணி நேரம் கழித்து, ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசுங்கள். நிழலில் உலர்த்தி அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துப்போகும், செய்ததெல்லாம் வீண்.

அப்புறம் தொழு உரம். ஏக்கருக்கு 5 டன் போடுவது நல்லது, ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். அவ்வளவு கிடைக்காதவர்கள் ஊட்டமேற்றிய தொழு உரம் தயாரிக்கலாம்: மக்கிய எரு 300 கிலோவில் ஏக்கருக்கு உரிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, நிழலில் ஒரு மாதம் மூடி வையுங்கள். சூப்பர் பாஸ்பேட் தரும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, தனியாகப் போட்டால் மண் பிடித்து வைத்துக்கொள்ளும். எருவோடு போனால் வேருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். முடிச்சு உருவாகவும் இயங்கவும் மணிச்சத்து கட்டாயம் வேண்டும். சூப்பரில் உள்ள கந்தகம் பருப்பின் புரதத்துக்கு உதவும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், செலவைவிடப் பலன் பெரிது.

சரி, இப்போது நிற்கும் பயிருக்கு என்ன செய்வது? பூக்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து இன்னொரு முறையும் 2 சதவீத டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாளே கொஞ்சம் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் வடித்து, 200 லிட்டர் ஆக்கி மாலையில் அடியுங்கள். அதிலும் தழைச்சத்து இருக்கிறதே என்று கேட்பீர்கள். அளவு மிகக் குறைவு. காய் திரளும் சமயத்தில் முடிச்சின் வேலையும் குறைந்துகொண்டே வரும், அதனால் அப்போது இலை வழியாகக் கொடுப்பது செடிக்குக் கைகொடுக்கும்.