காவடிக்கு முன் பாதத்தைப் பாருங்கள்

(மொரீஷியஸில், தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு, கோவில் மண்டபத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். கொடியேறி மூன்று நாளாகிறது. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான்; எத்தனையோ புண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது எங்கள் வீட்டுக் கதை.

என் பெரியப்பா வருடம் தவறாமல் காவடி எடுப்பார். கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுவார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் காவடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டு நேரே சாமி அறைக்குப் போனார். பின்னாலேயே போன பெரியம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். சிமெண்டுத் தரையில் சாமி அறைவரைக்கும் வலது குதிகால் மட்டும் சிவப்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. "எனக்கு ஒன்றும் தெரியலையே" என்றார் பெரியப்பா. முருகன் அருள் என்று வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நானும் கும்பிட்டேன்.

மறுநாள் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அடிபடாத இடது காலின் விரல் நுனியை ஊக்கால் லேசாகத் தொட்டேன். பிறகு கொஞ்சம் அழுத்தினேன். அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் உடம்பிலேயே நீளமான நரம்பு இழைகள் கீழ்முதுகிலிருந்து கால்விரல்வரை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்காக ஏறியே இருந்தால் நரம்பும் கெடுகிறது, அதற்குச் சாப்பாடு கொண்டுபோகும் மெல்லிய ரத்தக்குழாய்களும் கெடுகின்றன. நீளமான இழைதான் முதலில் தளரும். அதனால்தான் மரமரப்பு இரண்டு காலிலும் விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் மாட்டியதுபோல மேலே ஏறுகிறது. சிலருக்கு முதலில் ராத்திரியில் எரிச்சல் இருக்கும். அப்புறம் அது நின்றுவிடும், குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். பல சமயம் அது குணம் இல்லை. நரம்பு இன்னும் கெட்டுப்போனதன் அடையாளம். வியர்வை நரம்புகளும் தளர்வதால் தோல் காய்ந்து குதிகால் வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி போகும்.

வலி போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்தார். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். இந்த நோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அப்படி இல்லை, உணர்ச்சி இல்லாத கையும் காலும் தினமும் அடிபட்டு, சுட்டு, தேய்ந்துதான் போகின்றன என்று அவர் கண்டார். அவருக்கே ஒருமுறை ரயில் பயணம் முடிந்து ஷூவைக் கழற்றியபோது குதிகால் மரத்திருந்தது. தனக்கும் தொற்றிவிட்டதோ என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தார், வலித்தது. கடவுளுக்கு நன்றி சொன்னார். பிற்பாடு அமெரிக்காவில், தொழுநோய்க் காலுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சர்க்கரைக் காலுக்கும் கொண்டுபோனார்.

நம் தீவில் 2009-இல் எடுத்த கணக்கில், பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காவடி எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அவன்தான் துணை. ஆனால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஆணிச் செருப்பில் ஏறக் கூடாது. தைமாதத் தார் ரோடு இங்கே எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும், அதில் வெறுங்காலோடும் நடக்கக் கூடாது. மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு பால்குடம் எடுத்தால் முருகன் கோபிப்பான் என்று யாராவது சொன்னால், என்னிடம் அனுப்புங்கள். விரதத்தில் இன்சுலினோ மாத்திரையோ போடுகிறவர்கள், அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் நடுவழியிலேயே விழுந்துவிடுவீர்கள்.

ஐந்து வாரம் கழித்துப் பெரியப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பிறகு தினமும் சாயங்காலம் பெரியம்மா விளக்கேற்றிவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை அவருடைய இடது பாதத்துக்கு அடியில் பிடித்து, விரலிடுக்கு ஒன்று விடாமல் பார்ப்பார். புறங்கையால் தொட்டு, எங்காவது ஓரிடம் மட்டும் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். பதினோரு வருடம் அப்படிப் பார்த்தார். அந்தக் கால் கடைசிவரை இருந்தது.

அதோ, தூணுக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருக்கிறோம். ஊசி கிடையாது, ஒரு நைலான் இழைதான். அது வளைகிற அளவுக்குப் பாதத்தில் அழுத்துவோம், தெரிகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். காவடி எடுக்கிறவர்கள் முதலில்.