கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

(டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டித் திருகோணமலையில் நடந்த கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். ஆயுபோவன்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மாகாண சமூக சேவைகள் திணைக்களத்து அதிகாரிகளே, ஆசி வழங்கிய குருக்கள் ஐயா, மௌலவி அவர்கள், பாதர் அவர்கள், விகாரையிலிருந்து வருகை தந்திருக்கும் தேரர் அவர்களே, வைத்தியசாலையிலிருந்து வந்திருக்கும் டாக்டர்மாரே, சமூக சேவை உத்தியோகத்தர்களே, கிராம உத்தியோகத்தர்களே, வெருகலிலும் மூதூரிலும் விடியமுன்னம் எழும்பி பஸ் பிடித்து வந்திருக்கும் என் சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்னும் மூன்று பேருக்கு நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டேன். காலையில் மழைக்குள் நின்று வாசல் படியில் பலகை போட்டு என் சக்கரக் கதிரையை ஏற்றிவிட்ட இரண்டு தம்பிமார். அப்புறம், இந்த ஓரத்தில் நின்று என் பேச்சைச் சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கச்சி. நான் வேகமாகப் பேசினால் கையைக் காட்டம்மா, நிறுத்துகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, மாற்றுத்திறனாளிகள் சுயமாக வாழ அரச ஆலோசனைச் சபைகள் எப்படி உதவலாம் என்பது. மூன்று விடயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பிற நாட்டில் இப்படியான சபைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது ஒன்று. எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பது இரண்டாவது. மூன்றாவது வேலைவாய்ப்பு.

முதலில் 'சுயமாக வாழ்வது' என்ற சொல்லைப் பார்ப்போம். தானே சமைத்து, தானே குளித்து, ஒருவர் உதவியும் இல்லாமல் இருப்பதுதான் சுயமாக வாழ்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த மண்டபத்தில் ஒருவரும் சுயமாக வாழவில்லை. எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. என் அம்மா இருந்தவரைக்கும் நான் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், எந்தச் சட்டை போட வேண்டும், எந்தக் கலியாண வீட்டுக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்பதெல்லாம் அம்மாவின் முடிவு. அன்பினால்தான் செய்தார். ஆனால் முடிவு என்னுடையது இல்லை. இன்றைக்கும் என்னைக் கதிரையில் தூக்கி வைக்க ஒரு ஆள் வேண்டும். ஆனால் எப்போது தூக்குவது, எங்கே போவது என்று சொல்கிறவள் நான். இவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஒருவர் எட் ராபர்ட்ஸ். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக்காரர், 1939இல் பிறந்தவர். பதினான்கு வயதில் போலியோ வந்து, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாமே செயலிழந்துவிட்டது. மூச்சு விடுவதற்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அந்த உருளையை வைக்கக்கூடிய அறை விடுதியில் இல்லாததால், வளாகத்து வைத்தியசாலையின் ஒரு அறையில் தங்கிப் படித்தார். அந்த மாநிலத்தின் புனர்வாழ்வுத் திணைக்களம் அவரைப் பார்த்து, இவர் வேலை செய்யவே முடியாதவர் என்று எழுதியிருந்தது. 1972இல் அவரும் கூட்டாளிகளும் சுயவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் நிலையம். 1975இல் என்ன நடந்தது? வேலை செய்ய முடியாதவர் என்று எழுதிய அதே திணைக்களத்துக்குப் பணிப்பாளராக ஆளுநர் அவரையே நியமித்தார்.

(இந்த இடத்தில் சபை கைதட்டியது. சைகை மொழித் தங்கச்சியும் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்.)

என் அம்மம்மா அடிக்கடி சொல்வார், "தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று. தலையிடி வந்த ஒருவர் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தார். அதுதான் அங்கே நடந்தது.

சரி, சபைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் 1973இல் வந்த புனர்வாழ்வுச் சட்டத்தை 1992இல் திருத்தி, ஒவ்வொரு மாநிலத்திலும் சுயவாழ்வுச் சபை ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். உறுப்பினர்களை ஆளுநர் நியமிப்பார். ஆனால் அவர் விருப்பப்படி நியமிக்க முடியாது. வாக்களிக்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். அந்தப் பாதிக்கு மேற்பட்டோர் மாநில அரசின் ஊழியர்களாகவோ, சுயவாழ்வு நிலையங்களின் ஊழியர்களாகவோ இருக்கக் கூடாது. ஏன் தெரியுமா? சம்பளம் தருகிறவர் பக்கத்தில் இருந்தால் வாய் கொஞ்சம் தயங்கும். இந்தச் சபை எந்தத் திணைக்களத்துக்குள்ளும் ஒரு கிளையாக இருக்க முடியாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாநிலத்துக்கான திட்டம் ஒன்றைப் போட வேண்டும். பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். திட்டத்தில் சபைத் தலைவரின் கையெழுத்து இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அது திட்டமே இல்லை.

அந்த நாட்டில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பாதிக்கு மேல் என்ற அந்த ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஆலோசனைச் சபை என்று பெயர் வைத்துவிட்டு, பத்துப் பேர் இருக்கும் மேசையில் மாற்றுத்திறனாளி ஒருவரை ஓரத்தில் வைத்தால், அவர் தேநீர் குடித்துவிட்டு வருவார். ஆறு பேரை வைத்தால் அங்கே பேச்சே மாறிவிடும்.

ஏன் மாறும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை.

இங்கிருந்து வடக்கே, கடற்கரையோரம் ஒரு கிராமம். அங்கே ஒரு அண்ணை, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தென்னையால் விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. ஒரு நாள் அந்த ஊருக்கு வாகனத்தில் ஆட்கள் வந்தார்கள். பந்தல் போட்டு, மாலை போட்டு, ஐந்து பேருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். இருக்கையில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு புதுசு. படம் எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

அண்ணை கதிரையில் ஏறி, கிணற்றடிக்குப் போவோம் என்று சில்லைத் தள்ளியிருக்கிறார். முன்சில்லு இரண்டும் எவ்வளவு பெரிது? உள்ளங்கை அளவு. எங்கள் கடற்கரை மணல் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் தள்ளிலேயே முன்சில்லு புதைந்தது. இரண்டாவது தள்ளில் கதிரை முன்பக்கமாகச் சரிந்து ஆள் குப்புற விழுந்தார். மனைவியும் மகனும் ஓடி வந்து தூக்கினார்கள். சரி, வெளியேதானே போக முடியாது, வீட்டுக்குள் ஓட்டலாம் என்று பார்த்தால், அது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. முன்கதவால் ஒருவாறு நுழையலாம். குசினிக் கதவில் இரண்டு பக்கமும் கைவிரல் முட்டி உரசித் தோல் போய்விடுகிறது. மலசலகூடக் கதவுக்குள் கதிரை போகவே இல்லை.

மூன்று மாதம் கழித்து நான் போனபோது கதிரை விறாந்தையில் நின்றது. இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த அண்ணையும் சிரித்துக்கொண்டுதான் எனக்குக் காட்டினார். ஆனால் அவர் பாயில் கிடந்துதான் சிரித்தார்.

கதை அதோடு முடியவில்லை. அண்ணையின் மருமகன் ஒருவன் சைக்கிள் கடையில் வேலை செய்கிறவன். குஞ்சு பொரித்து இறங்கியதும், அண்ணை படுத்த இடத்திலிருந்தே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கால்பலகைக்கு முன்னால் ஒரு இரும்புக் குழாயை நீட்டி, சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சில்லு ஒன்றைப் பூட்டினான். அதோடு முன்சில்லு இரண்டும் நிலத்தில் முட்டாமல் மேலே எழும்பிவிட்டன. கிணற்றடி வரைக்கும் பழைய வலையை இரண்டு மடிப்பாக விரித்து, ஓரமெல்லாம் முளை அடித்தார்கள். வலைக்கு மேலே சில்லு புதையாது. இது எந்தப் பொறியியலாளரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கரைவலை இழுத்தவருடைய மூளை. மலசலகூடக் கதவைக் கழற்றிவிட்டு, நிலையை இடித்து அகலமாக்கி, திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, ஒரு நாள் முன்னுக்கு ஒரு ஆள் வந்து என்னிடம் கேட்டிருந்தால், இதெல்லாம் நானே சொல்லியிருப்பேனே."

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அவர்களுக்கு மணல் தெரியும், கதிரையும் தெரியும். மணலில் கதிரை தெரியாது.

இனி எங்கள் சட்டம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன்படி தேசிய சபை ஒன்றும் அமைந்தது. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்றும், பொதுக் கட்டிடங்களுக்குள் போய்வர வழி இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2006இல் கட்டிடங்களுக்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆவது உறுப்புரையே சுயமாக வாழும் உரிமைதான். எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 8.7 பேர் எங்களைப் போன்றவர்கள். 16 இலட்சத்துக்கும் அதிகம். ஆகவே சட்டமும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறோம்.

கலாநிதி அஜித் பெரேரா அவர்களை இந்த மேடையில் நினைத்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பொதுக் கட்டிடங்கள் அந்த விதிகளின்படி அமைய வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர் யார் என்று பாருங்கள். அதே தலையிடிதான்.

இப்போது நான் எங்கே வந்து நிற்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆம், மலசலகூடம்.

நான் தையல் தைத்துப் பிழைக்கிறவள். என் பையில் எந்த நேரமும் அளவு நாடா இருக்கும். போகிற இடமெல்லாம் கதவை அளப்பேன். என் கதிரையின் அகலம் 26 அங்குலம். தாராளமாகப் போய்வர 36 அங்குலக் கதவு வேண்டும். உள்ளே கதிரை திரும்ப ஐந்து அடி இடம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுவரில் பிடித்து ஏறக் கம்பி வேண்டும். வாசலில் சாய்தளம் வைத்தால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

ஒரு கந்தோருக்கு ஒரு முறை போனேன். எந்தக் கந்தோர் என்பது வேண்டாம். கதவில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. எனக்குச் சந்தோசம். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் லீவு. வேறொரு சாவி தேடிப் பிடித்துத் திறந்தபோது உள்ளே கட்டுக் கட்டாகப் பழைய கோப்புகள், உடைந்த கதிரை இரண்டு, ஒரு பெயின்ட் வாளி. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பாவம், வெட்கப்பட்டுப் போனார்கள். நான் வந்த காரியத்தை விட்டுவிட்டு ஓட்டோவில் வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்களில் பெண்களிடம் கேளுங்கள். கந்தோருக்குப் போகிற நாளென்றால் முதல் நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடுவோம். சலக்கடுப்பு வரும், சிறுநீரில் கிருமி வரும், முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு அது சிறுநீரகம் வரைக்கும் போகும். டாக்டர் ஐயா தலையாட்டுகிறார். மாதாந்தக் கொடுப்பனவுக்குப் படிவம் நிரப்ப வருகிற ஒரு பெண், அந்தப் படிவத்துக்காக ஒரு நாள் முழுவதும் தாகத்தோடு இருக்கிறாள். அவளுக்கு இந்த மாவட்டத்தில் எப்படிச் சுயவாழ்வு வரும்? ஆலோசனைச் சபையில் அவளும் இருந்தால், முதல் கூட்டத்தில், முதல் அரை மணித்தியாலத்தில் இந்த விடயம் மேசைக்கு வரும்.

தலைவர் ஐயா நேரத்தைக் காட்டுகிறார். வேலைவாய்ப்புப் பற்றி, 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்று எங்களுக்கு என்று எழுதியிருப்பதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு ஒரு தனிக் கூட்டம் வைக்க வேண்டும்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். 'பட்டணமும் சூழலும்' பிரிவு தொடங்கிப் பதவிசிறிபுர வரைக்கும் எங்கள் மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆலோசனைக் குழு வேண்டும். அதில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள், அதிலும் பாதி பெண்கள். புதிய கட்டிடத்தின் வரைபடம் அந்தக் குழுவின் கையெழுத்து இல்லாமல் போகக் கூடாது. குழுவின் முதல் வேலை, அந்தச் செயலகத்தில் கதிரை நுழையும் மலசலகூடம் ஒன்று, சாவி கதவிலேயே தொங்க. பிரதேச செயலாளர் அம்மா, உங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன். என் நாடாவோடு எந்த நாள் கூப்பிட்டாலும் வருவேன்.

இவற்றைக் கேட்டு எழுதிய மகஜர் வாசலுக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறோம், பதினொரு பிரதிகள். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட ஒரு பிள்ளை இருக்கிறார். கையெழுத்துப் போட முடியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வையுங்கள், மை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்த மேசையில் எனக்கென்று ஒரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் பேசியும் நான் அதைத் திறக்கவில்லை. ஏற்பாட்டாளர்களைக் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் இந்த மண்டபத்தைக் கட்டவில்லை. காலையில் வந்தவுடன் அளந்தேன், இங்கே மலசலகூடக் கதவு 24 அங்குலம். போத்தலை மடியில் வைத்துக் கொண்டு போகிறேன். வீட்டுக்கு ஓட்டோவில் இருபது நிமிடம். அங்கே கதவு 36 அங்குலம்.

நன்றி. வணக்கம்.